வெயில், வயிற்றுப்போக்கு, வலி மாத்திரை: சிறுநீரகத்துக்கு ரத்தம் குறையாமல் காப்பது எப்படி, ஆன்டிஆக்சிடன்ட் எதுவரை உதவும்

சிறுநீரகம் கெடுவது என்றாலே சர்க்கரை, பிரஷர் என்று பத்துப் பதினைந்து வருடம் இழுத்துக்கொண்டு வரும் நோயைத்தான் நினைக்கிறோம். இரண்டே நாளில் கெடுவதும் உண்டு, நம் தஞ்சை, திருவாரூர், நாகை, மயிலாடுதுறைப் பக்கம் அதற்கு வழியும் நிறையவே இருக்கிறது. மே மாத வெயிலில் வாய்க்கால் தூர்வாரும் நூறு நாள் வேலை, திருவாரூர்ப் பக்கம் பருத்தி எடுப்பு, மேட்டூர் திறந்து குறுவை நடவு தொடங்கியதும் அரை நாள் குனிந்த முதுகு, வேதாரண்யத்தில் உப்பளம், இதற்கு நடுவில் ஒரு வயிற்றுப்போக்கு, ராத்திரி உடம்பு வலிக்கு மெடிக்கலில் வாங்கிய ஒரு செட் மாத்திரை. இவை ஒவ்வொன்றும் சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சம் குறைக்கும். தனித்தனியாக வந்தால் உடம்பு சமாளித்துவிடும், இரண்டு மூன்று ஒரே நாளில் சேரும்போதுதான் ஆபத்து.

இதற்கெல்லாம் ஆன்டிஆக்சிடன்ட் மாத்திரை போட்டால் போதும், கிட்னி பத்திரமாக இருக்கும் என்று பலர் சொல்கிறார்கள், விற்கவும் செய்கிறார்கள். அந்தப் பேச்சுக்குப் பின்னால் உண்மையான அறிவியல் இருக்கிறது. ஆனால் அதை மனிதர்களிடம் சோதித்தபோது வந்த முடிவு வேறு. அதனால் என்ன செய்தால் பலன் உண்டு, எதற்குக் காசைச் செலவழிக்க வேண்டாம் என்று இரண்டையும் சேர்த்தே எழுதுகிறேன்.

உள்ளே என்ன நடக்கிறது

இரண்டு சிறுநீரகமும் சேர்ந்து 300 கிராம் அளவுதான், ஆனால் இதயம் தள்ளும் ரத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கு அங்கே போகிறது, நிமிடத்துக்குச் சுமார் 1 லிட்டர். அவ்வளவு போயும் சிறுநீரகத்தின் உட்பகுதியில் ஆக்சிஜன் எப்போதுமே குறைவுதான், ஏனென்றால் அங்கிருக்கும் நுண்குழாய்ச் செல்கள் இரவு பகலாக உப்பை இழுத்து ரத்தத்தில் திரும்பச் சேர்க்கும் வேலையில் இருக்கின்றன, அந்த வேலைக்கு எரிபொருள் அதிகம் வேண்டும். ரத்த ஓட்டம் குறைந்தால் முதலில் அடிபடுவது அந்தச் செல்கள்தான்.

வினோதம் என்னவென்றால், ரத்தம் நின்றபோது ஆகும் சேதம் ஒரு பங்கு, அது திரும்பி வரும்போது ஆகும் சேதம் இன்னொரு பங்கு. ஆக்சிஜன் இல்லாத நேரத்தில் செல்லுக்குள் சக்சினேட் என்ற பொருள் தேங்குகிறது. ரத்தம் திரும்பியதும் செல்லுக்கு ஆற்றல் தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியா அந்தத் தேக்கத்தை ஒரேயடியாக எரிக்கப் போய், சூப்பராக்சைடு மாதிரி வீரியமான ஆக்சிஜன் மூலக்கூறுகள் கிளம்பி, செல்லின் சவ்வையும் புரதத்தையும் அரிக்கின்றன. காய்ந்து வெடித்த வயலுக்கு மதகை முழுசாகத் திறந்துவிட்டால் வரப்பே உடைத்துக்கொண்டு போகிற மாதிரி. இந்தச் சக்சினேட் வழியை 2014இல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் எலிகளின் உறுப்புகளில் காட்டினார்கள், அதில் சிறுநீரகமும் ஒன்று.

அந்த மூலக்கூறுகளை அடக்கும் பொருள்தான் ஆன்டிஆக்சிடன்ட். வைட்டமின் சி, வைட்டமின் இ, அசிட்டைல்சிஸ்டீன் எல்லாம் இந்த வகை. எலியின் சிறுநீரக ரத்தக்குழாயைக் கொஞ்ச நேரம் கிளிப் போட்டு அடைத்து, அதற்கு முன்பே இவற்றில் ஒன்றைக் கொடுத்து வைத்தால் சேதம் குறைகிறது என்று எத்தனையோ ஆய்வுகள் இருக்கின்றன. அவை பொய் இல்லை. ஆனால் எலிக்குக் கிளிப் எப்போது போடப் போகிறோம் என்று முன்கூட்டியே தெரியும். நடவு வயலில் மயங்கி விழப் போகும் ஒருவருக்கு அது தெரியாது. அவர் ஆஸ்பத்திரிக்கு வந்து, சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியேட்டினின் ரத்தத்தில் ஏறி, அது அறிக்கையில் தெரிவதற்குள் ஒரு நாள், இரண்டு நாள் ஆகிவிடும். அந்த ஆக்சிஜன் வெடிப்போ ரத்தம் திரும்பிய முதல் சில நிமிடங்களிலேயே நடந்து முடிந்திருக்கும்.

மனிதர்களிடம் சோதித்தபோது

எப்போது அடிபடும் என்று முன்கூட்டியே தெரிகிற சில நேரங்கள் மனிதருக்கும் உண்டு. ஆஞ்சியோ, சாயம் ஏற்றி எடுக்கும் சிடி ஸ்கேன், இதய அறுவை சிகிச்சை. அதனால் பெரிய சோதனைகள் அங்கேதான் நடந்தன. 2000இல் ஜெர்மனியில் 83 பேரிடம் செய்த சிறிய ஆய்வில், ஸ்கேனுக்கு முன்னும் பின்னும் அசிட்டைல்சிஸ்டீன் கொடுத்ததில் சிறுநீரக பாதிப்பு 21 சதவீதத்திலிருந்து 2 சதவீதமாகக் குறைந்தது. உலகம் முழுக்க எல்லாரும் அதை எழுதிக் கொடுக்க ஆரம்பித்துவிட்டார்கள். அப்புறம் 2011இல் பிரேசிலில் 2,308 பேரிடம் பார்த்தபோது மருந்து எடுத்தவர்களுக்கும் எடுக்காதவர்களுக்கும் பாதிப்பு ஒன்றுதான், இரு பக்கமும் 12.7 சதவீதம். 2018இல் வெளியான பிரிசர்வ் ஆய்வு கிட்டத்தட்ட 5,000 பேரை வைத்துப் பார்த்தது, அதிலும் பலன் இல்லை. அழுகிய முட்டை வாடையோடு தண்ணீரில் கரைத்துக் குடிக்கச் சொல்லும் அந்த மாத்திரையை இன்றைக்கும் சில இடங்களில் ஆஞ்சியோவுக்கு முன் கொடுக்கிறார்கள். கொடுத்தால் கெடுதல் பெரிதாக இல்லை, அதை நம்பி மற்றதை விட்டுவிடக் கூடாது, அவ்வளவுதான். பாராசிட்டமால் அளவுக்கு மீறிச் சாப்பிட்டவருக்கு இதே அசிட்டைல்சிஸ்டீன் உயிர் காக்கும் மருந்து, அது கல்லீரலுக்காக. அந்தப் பெயரை இதில் கொண்டுவந்து சேர்த்துக்கொள்ள வேண்டாம்.

வைட்டமின் சி கதை இன்னும் கவலையானது. கடுமையான தொற்றோடு ஐசியூவில் இருந்த 872 பேரிடம் நடந்த லோவிட் ஆய்வு 2022இல் வந்தது. வைட்டமின் சி நரம்பில் அதிக அளவில் ஏற்றியவர்களில் 44.5 சதவீதம் பேர் 28 நாளில் இறந்தோ உறுப்புகள் தேறாமலோ இருந்தார்கள், ஏற்றாதவர்களில் அது 38.5 சதவீதம். அதாவது உதவ வந்தது உபத்திரவம் செய்திருக்கிறது.

இதோடு பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டிய ஒன்று 2024இல் வந்தது. இதய அறுவை சிகிச்சைக்குப் போன 3,511 பேரில் பாதிப் பேருக்கு அமினோ அமிலக் கரைசல் ஏற்றினார்கள். சிறுநீரக பாதிப்பு 31.7 சதவீதத்திலிருந்து 26.9 சதவீதமாகக் குறைந்தது. சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தத்தைக் கூட்டுகிற குணம் அமினோ அமிலத்துக்கு உண்டு என்பதால்தான் அதைத் தேர்ந்தெடுத்தார்கள். எனக்கு இந்த முடிவு சொல்வது என்னவென்றால், ரத்தம் போய்க்கொண்டே இருக்கும்படி செய்வதுதான் கையில் பலன் தருகிற வேலை. கீழே எழுதியிருப்பது எல்லாமே அதைத்தான் சுற்றி வரும்.

ஆன்டிஆக்சிடன்ட் உண்மையிலேயே வேலையில் இருக்கும் ஒரு இடத்தையும் சொல்லிவிட வேண்டும். மூளைச்சாவு அடைந்தவரிடமிருந்து எடுத்த சிறுநீரகத்தை ஐஸில் வைத்துக் கொண்டுபோகும்போது ஊற்றி வைக்கும் கரைசல்களில் ஒன்று விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் உருவானது. அதில் குளூட்டதையோனும் அலோப்யூரினாலும் இருக்கின்றன, இரண்டுமே இந்த ஆக்சிஜன் சேதத்தைக் குறைக்கச் சேர்த்தவை. அங்கே ரத்தம் எப்போது நிற்கும், எப்போது திரும்பும் என்று மருத்துவர் கையில் இருக்கிறது. உங்கள் வீட்டு அலமாரியில் இருக்கும் கேப்ஸ்யூலுக்கு அந்த வசதி இல்லை.

வெயிலில் வேலைக்குப் போகும் நாள்

தாகம் எடுக்கும் வரை காத்திருக்க வேண்டாம். கடும் வெயிலில் வேலை செய்யும்போது இருபது நிமிடத்துக்கு ஒரு டம்ளர் என்று குடித்துக்கொண்டே இருப்பது நல்லது. ஒரே மூச்சில் இரண்டு லிட்டர் குடிப்பதும் சரியில்லை, ரத்தத்தில் சோடியம் சட்டென்று இறங்கிவிடும். வியர்வையோடு உப்பும் போகிறது, அதனால் வெறும் தண்ணீரோடு நிறுத்தாமல் உப்புப் போட்ட நீர்மோர், காலையில் பழைய சோற்று நீராகாரம், கஞ்சி இவற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நம் ஊர் நீராகாரத்துக்கு ஈடாகக் கடையில் வாங்கும் கலர், கோலா எதுவும் வராது. வெயிலில் வேலை செய்பவர்களைச் சர்க்கரைக் குளிர்பானம் குடிக்க வைத்துப் பார்த்ததில் சிறுநீரகத்துக்கு அது சுமைதான் என்று தெரிந்திருக்கிறது.

பெண்கள் விஷயத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும், இதை யாரும் வாய்விட்டுப் பேசுவதில்லை. நடவுக்கும் களையெடுப்புக்கும் போகிற அக்காக்கள் நிறையப் பேர் வேண்டுமென்றே தண்ணீர் குடிப்பதில்லை, ஏனென்றால் திறந்த வயலில் சிறுநீர் கழிக்க மறைவிடம் கிடையாது. எவ்வளவு ஆலோசனை சொன்னாலும் அந்த ஒரு காரணம் தீராமல் அவர்கள் குடிக்கப் போவதில்லை. ஆகவே வேலைக்கு ஆள் கூப்பிடும் மேஸ்திரிகளுக்கும் நிலம் வைத்திருப்பவர்களுக்கும் சொல்கிறேன், நான்கு கம்பு நட்டு ஒரு பழைய தார்ப்பாயையோ சேலையையோ சுற்றிக் கட்டினால் ஒரு மறைப்பு கிடைக்கும், களத்து மேட்டில் குடத்தில் தண்ணீரும் மர நிழலும் இருந்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. பதினொன்றுக்கு மேல் மூன்று மணி வரை வேலையை நிறுத்துங்கள், விடியற்காலையில் சீக்கிரம் ஆரம்பிக்கலாம். நிகரகுவாவில் கரும்பு வெட்டும் தொழிலாளர்களிடம் தண்ணீர், ஓய்வு, நிழல் இந்த மூன்றை மட்டும் ஒழுங்காகக் கொடுத்துப் பார்த்தார்கள், சிறுநீரக பாதிப்பு குறைந்தது. தமிழ்நாட்டு உப்பளத் தொழிலாளர்களிடம் செய்த ஆய்விலும் வெப்பச் சுமையும் சிறுநீரகம் தளர்வதும் சேர்ந்தே தெரிந்தன.

சிறுநீரின் நிறத்தைப் பாருங்கள். வெளிர் மஞ்சளாக இருந்தால் சரி. டீ டிகாக்ஷன் நிறத்துக்குப் போனால், அல்லது காலையிலிருந்து மாலை வரை போகவே இல்லை என்றால் அன்றைக்கு வேலையை நிறுத்தி நிழலில் படுத்து, குடித்து, அப்படியும் போகாவிட்டால் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். இதய வீக்கம் உள்ளவர்கள், ஏற்கெனவே சிறுநீரக நோய் என்று மருத்துவர் தண்ணீர் அளவு சொல்லியிருப்பவர்கள் மட்டும் அவர் சொன்ன அளவைத் தாண்டாமல், வெயிலுக்குப் போவதையே தவிர்க்கப் பாருங்கள்.

வலி மாத்திரை

இதில்தான் நான் பிடிவாதமாக இருப்பேன். உடம்பில் நீர் குறைந்திருக்கும்போது, சிறுநீரகத்தின் உள்ளே நுழையும் சின்ன ரத்தக்குழாயைத் திறந்து வைத்திருப்பது புரோஸ்டாகிளான்டின் என்ற பொருள். டைக்ளோஃபினாக், அசிக்ளோஃபினாக், ஐபுபுரூஃபன், பைராக்சிகாம் மாதிரி வலி மாத்திரைகள் வலியைக் குறைப்பதே அந்தப் பொருளைத் தடுத்துத்தான். அதாவது வியர்த்துக் களைத்து வந்த சாயங்காலம் சிறுநீரகம் எதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறதோ அதையே அந்த மாத்திரை உருவிவிடுகிறது. காகிதத்தில் மடித்துக் கொடுக்கும் செட் மாத்திரையில் பெரும்பாலும் இவற்றில் ஒன்று இருக்கும், பெயரைக் கேட்டு அட்டையோடு வாங்குங்கள். இடுப்பில் போடும் வலி ஊசியும் அதேதான். உடம்பு வலிக்கு, பாராசிட்டமால் 500 அல்லது 650 மி.கி. போதும், ஒரு நாளில் 3 கிராமுக்கு மேல் வேண்டாம், கல்லீரல் நோயும் குடிப்பழக்கமும் இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் அதுவும் வேண்டாம். சுடுதண்ணீர் ஒத்தடமும் ஒரு நாள் ஓய்வும் செலவில்லாதவை.

பிரஷருக்கு டெல்மிசார்டான், லோசார்டான், ராமிப்ரில், எனலாப்ரில் சாப்பிடுபவர்கள், கூடவே நீர் பிரியும் மாத்திரையும் சாப்பிட்டால் (ஒரே மாத்திரையிலேயே இரண்டும் கலந்து வருவது நிறைய உண்டு), மூன்றாவதாக வலி மாத்திரையை அதன்மேல் போடவே கூடாது. இந்த மூன்றும் சேர்ந்தால் சிறுநீரகத்துக்கு எல்லாப் பக்கமும் வழி அடைபடும்.

வாந்தி, பேதி வந்த நாள்

ஓ.ஆர்.எஸ் பாக்கெட் வீட்டில் எப்போதும் இருக்கட்டும், ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகவே கொடுப்பார்கள். வாங்கும்போது உலக சுகாதார நிறுவனத்தின் கலவை என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். டெட்ரா பாக்கெட்டில் ருசியாக வரும் இனிப்புப் பானங்கள் எல்லாம் ஓ.ஆர்.எஸ் ஆகிவிடாது. பாக்கெட்டில் சொன்ன அளவுத் தண்ணீரில் முழுப் பாக்கெட்டையும் கரைக்க வேண்டும், பாதிப் பாதியாக வேண்டாம். கிடைக்காவிட்டால் ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு, இரண்டும் தலை தட்டிய அளவு. ஒவ்வொரு முறை போனதும் ஒரு டம்ளர், வாந்தி இருந்தால் ஸ்பூன் ஸ்பூனாக.

இளநீர் நல்லதுதான், பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் அதற்குப் பஞ்சமும் இல்லை. ஆனால் அதில் பொட்டாசியம் அதிகம், சோடியம் குறைவு. சிறுநீரகம் நன்றாக இருப்பவர் குடிக்கலாம், ஓ.ஆர்.எஸ்ஸுக்குப் பதிலாக மட்டும் வைக்க வேண்டாம். சிறுநீரக நோய் உள்ளவருக்கும் சிறுநீர் நின்றுபோனவருக்கும் இளநீர் கொடுக்கவே கூடாது, பொட்டாசியம் ஏறி இதயம் நின்றுபோகும் அபாயம் உண்டு. பார்க்க வருபவர்கள் பாசத்தில் இரண்டு இளநீரோடு வருவார்கள், வாசலிலேயே சொல்லிவிடுங்கள்.

சாப்பிட்டது நிற்காத அந்த நாட்களில் மேலே சொன்ன பிரஷர் மாத்திரைகள், நீர் பிரியும் மாத்திரை, சர்க்கரைக்கான மெட்ஃபார்மின், டாபாக்ளிஃப்ளோசின் இவற்றைத் தற்காலிகமாக நிறுத்த வேண்டியிருக்கலாம். நீங்களாக முடிவெடுக்காமல், நல்லா இருக்கும்போதே உங்கள் மருத்துவரிடமோ மக்களைத் தேடி மருத்துவத் திட்டத்தின் செவிலியரிடமோ கேட்டு, எதை நிறுத்துவது, எப்போது திரும்பத் தொடங்குவது என்று ஒரு தாளில் எழுதி வாங்கி மாத்திரை டப்பாவிலேயே போட்டு வையுங்கள். வழக்கமாக நன்றாகச் சாப்பிட்டுக் குடிக்க ஆரம்பித்து ஒன்றிரண்டு நாளில் மறுபடி தொடங்கச் சொல்வார்கள். இன்சுலினை மட்டும் தானாக நிறுத்தக் கூடாது.

பாம்பும் எலிக்காய்ச்சலும்

வரப்பில் கண்ணாடி விரியன் கடித்தால் அந்த விஷம் ரத்தம் உறைவதைக் கெடுத்துச் சிறுநீரகத்தை நேரடியாகவே தாக்கும். இறுக்கிக் கட்டாதீர்கள், கீறாதீர்கள், கடிபட்ட காலை அசைக்காமல் 108இல் ஏற்றி விஷமுறிவு மருந்து உள்ள அரசு மருத்துவமனைக்கு நேராகப் போங்கள். பச்சிலை கொடுக்கிறேன் என்று ஒரு மணி நேரம் போனால் அது சிறுநீரகத்திலிருந்து போன ஒரு மணி நேரம். அந்தப் பச்சிலை ஈஸ்வரமூலியாக இருந்துவிட்டால் இன்னும் மோசம். அதிலும் ஆடுதீண்டாப்பாளையிலும் அரிஸ்டோலோகிக் அமிலம் இருக்கிறது, சிறுநீரகத்தைச் சுருக்குவதும் சிறுநீர்ப் பாதையில் புற்றுநோய் உண்டாக்குவதும் உறுதியாகத் தெரிந்த விஷயம்.

சேற்றில் வேலை செய்தவருக்குக் காய்ச்சல், கெண்டைக்கால் தசை வலி, கண் சிவப்பு, அப்புறம் மஞ்சள் என்று வந்தால் எலிக்காய்ச்சலாக இருக்கலாம், சிறுநீர் குறைவதற்கு முன்பே போய்விட்டால் சாதாரண ஆன்டிபயாட்டிக்கில் தேறிவிடலாம். வயலில் வேலை செய்பவர் என்று டாக்டரிடம் நீங்களே சொல்லுங்கள்.

ஆஞ்சியோ, ஆபரேஷன் என்றால்

போவதற்கு முன் சமீபத்திய கிரியேட்டினின் அளவைக் கையில் வைத்துக்கொண்டு கேளுங்கள்: வலி மாத்திரையை எத்தனை நாள் முன்பே நிறுத்துவது, மெட்ஃபார்மின் என்ன செய்வது, சலைன் ஏற்றுவீர்களா, தண்ணீர் எத்தனை மணி வரை குடிக்கலாம். முந்தின ராத்திரியிலிருந்தே ஒரு சொட்டுத் தண்ணீர்கூடக் கூடாது என்பது பழைய வழக்கம். பல ஆபரேஷன்களுக்கு மயக்கம் கொடுப்பதற்கு இரண்டு மணி நேரம் முன்வரை வெறும் தண்ணீர் குடிக்கலாம் என்பதுதான் இன்றைய வழிகாட்டுதல், உங்களுக்கு அது பொருந்துமா என்று மயக்க மருந்து டாக்டர் சொல்வார்.

அப்போது ஆன்டிஆக்சிடன்ட்டை என்ன செய்வது

சாப்பாட்டில் வருவதைத் தாராளமாகச் சாப்பிடுங்கள். பெரிய நெல்லிக்காய் ஒன்று, கொய்யா, கீரை, ஒரு நாள் வைட்டமின் சி தேவைக்கு அது போதும். பெரியவருக்கு ஒரு நாளைக்கு 80 மி.கி. அளவுதான் வேண்டும். கிராம் கணக்கில் மாத்திரையாகப் போடும்போது மிச்சம் ஆக்சலேட்டாக மாறிச் சிறுநீரகத்திலேயே படியும், கல் ஆகும், சிலருக்குச் சிறுநீரகமே நின்றிருக்கிறது. ஸ்டார் ஃப்ரூட்டையும் பிலிம்பிக்காயையும் கொலஸ்ட்ராலுக்கு நல்லது என்று ஜூஸ் அடித்து வெறும் வயிற்றில் குடித்தவர்களுக்கும் இதே ஆக்சலேட்டால் திடீர்ச் சிறுநீரகச் செயலிழப்பு வந்திருக்கிறது, கேரளத்தில் பிலிம்பி சாற்றால் அப்படி நடந்ததை மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். ஊறுகாயில் இரண்டு துண்டு சாப்பிடுவது வேறு, டம்ளர் டம்ளராகக் குடிப்பது வேறு. பெயரும் அளவும் எழுதாத பற்பம், செந்தூரம் எதுவானாலும் வேண்டாம், பாதரசமோ ஈயமோ இருந்தால் சிறுநீரகமும் அடிபடும்.

டெஸ்ட்

சந்தேகம் வந்தால் ரத்தத்தில் கிரியேட்டினின், சிறுநீரில் புரதம், இந்த இரண்டும் போதும் தொடங்குவதற்கு. கிரியேட்டினின் 48 மணி நேரத்தில் 0.3 மி.கி. ஏறினாலே திடீர்ப் பாதிப்பு என்று கணக்கு, 0.8 இருந்தது 1.2 ஆனால் "நார்மலுக்குள்தானே" என்று விடக் கூடாது, பழைய அளவோடு ஒப்பிட்டுத்தான் பார்க்க வேண்டும். சிறுநீர் அளவுக்கு, 50 கிலோ எடையுள்ளவருக்கு மணிக்கு 25 மி.லி. குறைந்தபட்சம். ஆறு மணி நேரமாக அதற்கும் கீழே, அல்லது முகம் வீக்கம், மூச்சுத் திணறல், நிற்கும்போது தலை சுற்றி விழுவது, பேச்சு குழறுவது, இதில் எது வந்தாலும் அன்றைக்கே தஞ்சாவூரோ திருவாரூரோ நாகப்பட்டினமோ, அருகிலிருக்கும் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

ஒருமுறை இப்படி வந்து தேறியவர்கள் மூன்று மாதம் கழித்து இரண்டு டெஸ்ட்டையும் திரும்ப எடுக்க வேண்டும், முழுசாகத் தேறியதா, பழுது தங்கிவிட்டதா என்று அப்போதுதான் தெரியும். அந்தச் சீட்டைத் தூக்கிப் போடாமல் ஆதார் அட்டையோடு சேர்த்து ஒரு பிளாஸ்டிக் உறையில் வையுங்கள், எந்த டாக்டரிடம் போனாலும், எந்த மெடிக்கலில் மாத்திரை கேட்டாலும் முதலில் அதை நீட்டி, "எனக்குக் கிட்னி ஒரு தடவை அடிபட்டிருக்கு, வலி மாத்திரை வேண்டாம்" என்று சொல்லிவிட்டு அப்புறம் மற்றதைப் பேசுங்கள்.